பாடசாலைப் பிள்ளைகளும் மானாவாரிப் பூமியும்

பள்ளிக்கூடங்களில் வருஷத்திற்கு ஒரு முறை சுற்றுலா போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகள் கொடைக்கானலையும் கன்னியாகுமரியையும் பார்த்து வருகிறார்கள். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. மலையும் கடலும் பார்க்க வேண்டியவையே. ஆனால் தம் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எவ்வழியாய் வருகிறது என்று கேட்டால், பதில் சொல்லத்தக்க பிள்ளைகள் வெகு சிலரே. வரத்துக்கால் இன்னதென்று அறிந்த முதியோரும் வருஷந்தோறும் குறைந்து வருகின்றனர். அறிந்தவர் இல்லாத கால் முதலில் தூர்ந்துபோகும். பின் அதில் சீமைக்கருவேல் முளைக்கும். அதற்கும் பின் அது எவருடைய வேலிக்குள்ளாவது போய்விடும். ஆகவே, பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் நாட்களில் ஒன்றையேனும் நம் சீமையிலேயே செலவிட்டு, பல பாடங்களை ஒருங்கே கற்பிக்கும் முறையை உபாத்தியாயர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

இது புதிய யோசனையன்று. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் காந்தியடிகளின் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. அதன்பின் டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு கமிட்டி வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தின் உயிர்நிலை இதுவே. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கு, சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் ஆகியவற்றை அதனோடு பிணைத்துக் கற்பிக்க வேண்டுமென்றார்கள். நம் மானாவாரிப் பூமியில் அந்த நடு ஸ்தானத்தை மழைநீருக்குக் கொடுக்கலாம். “பெய்த மழை எங்கே போயிற்று?” என்ற ஒரே கேள்வியோடு புறப்பட்டு, மாலை வரையில் அதன் பின்னாலேயே போகவேண்டும். பத்து இடங்களைக் காட்ட நினைத்து, வண்டியை விட்டு இறங்க நேரமின்றித் திரும்புவதில் பிரயோஜனமில்லை. நாலு இடம் போதும்.

நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. ஆகையால் மாசி முதல் வாரமே தக்க சமயம். அப்போது பருத்திக் காய் வெடித்திருக்கும். நல்ல மழை பெய்த வருஷமானால் கண்மாயில் தண்ணீர் சிறிதாவது நிற்கும். முழுப் பரீட்சைக்கும் நாள் இருக்கும். புறப்படுவதற்கு முந்திய நாள் வகுப்பிலேயே ஒரு கணக்குப் போடச் செய்யலாம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகமாகும். அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்றென்று மறுநாள் தேடவேண்டும்.

முதலில் கரிசல் காடு. கரிசலிலும் செவலிலும் ஒவ்வொரு பிடி மண் எடுத்து, இரு கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைக்கவும். மணல் உடனே படியும். களிமண் மாலை வரையில் கலங்கியே நிற்கும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் இக்களியே மழைநீரைப் பிடித்துவைத்துப் பின்பனிக் காலம் வரையில் பருத்தியைக் காப்பாற்றுகிறது. காட்டில் கிடக்கும் சுக்கான் கல்லைப் பொடி செய்து எலுமிச்சம்பழச் சாறு விட்டால் நுரைக்கும். ரசாயன பாடத்திற்கு அதைவிட மலிவான சாதனம் வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: அண்மையில் பூச்சிமருந்து தெளித்த பருத்திக் காட்டில் பிள்ளைகளை இறக்கலாகாது. சம்சாரியை முன்கூட்டியே கண்டு, மருந்து தெளித்த தேதியைக் கேட்டறிந்து இடத்தைத் தீர்மானிக்கவேண்டும்.

அடுத்தது கண்மாய். இங்கேதான் அதிக நேரம் தங்கவேண்டும். கரை, மடை, கலுங்கு, உள்வாய் என்னும் சொற்களைப் பிள்ளைகள் அந்தந்த இடத்தில் நின்றே எழுதிக்கொள்ளட்டும். தமிழ்ப் பாடம் அதிலே அடங்கும். மடை திறந்து முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியோ, அவ்வேலை பார்த்த முதியவரோ ஊரில் இருந்தால், உபாத்தியாயர் சற்றே ஒதுங்கி அவரைப் பேச விடுவது உத்தமம். அவரைப் பிள்ளைகள் “ஐயா” என்றோ “தாத்தா” என்றோ அழைத்து வேண்டியதைக் கேட்கலாம். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போதாத வருஷத்தில் என்ன செய்தீர்கள் என்ற ஒரு கேள்வியிலேயே குடிமைப் பயிற்சிப் பாடம் முழுதும் வந்துவிடும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் உண்டு. 40 ஏக்கர் நீர்ப்பரப்பில் சராசரி ஒரு மீட்டர் ஆழம் இருப்பதாகக் கொண்டால், சுமார் 1,60,000 கன மீட்டர் நீராகிறது. நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டுமென்று கணக்கிட்டால், ஆவியாய்ப் போவதை விலக்கிப் பார்த்தாலும் 33 ஏக்கருக்கே காணும். குதிரைவாலியும் கம்பும் ஏன் இப்பூமியின் தானியங்களாயின என்பது அப்போது தானே விளங்கும். அன்றைய மத்தியான உணவும் குதிரைவாலிச் சோறாக இருக்கட்டும். கண்மாய்ச் சேற்றின் ஆழம் மேலே தெரியாதாகையால் எவரும் உள்ளே இறங்கலாகாது; பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் உடன் வருவது அவசியம்.

பிற்பகலில் திருச்சுழி. மேற்கு மலைகளில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும் குண்டாறு இவ்வூரை ஒட்டிப் போகிறது. ஆண்டில் பல மாதம் மணலாய்க் கிடக்கும் ஆற்றங்கரையில், சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் இருக்கிறது. சிவபெருமான் பிரளய வெள்ளத்தைப் பூமிக்குள் சுழித்து இறங்கச் செய்தாராகையால் ஊருக்கு இப்பெயர் வந்ததென்பது ஸ்தலபுராணம். வறண்ட சீமையின் கதை வெள்ளத்தைப் பற்றியதாயிருப்பது ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லலாம். ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்ததும் இவ்வூரிலேயே.

திரும்பும் வழியில் அருப்புக்கோட்டையில் ஒரு கைத்தறி வீட்டில் அரைமணி நேரம் நிற்கவேண்டும். காலையில் எடுத்த பருத்தியை நிறுத்து, கொட்டை நீக்கி மறுபடி நிறுத்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பஞ்சாகத் தேறும். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம், 33,600 கஜம் நீளம். கிலோமீட்டரில் முப்பதுக்கு மேல். திருச்சுழிக்குப் போய்த் திரும்பிய பாதை முழுவதும் அந்த ஒரு பவுண்டு நூலை விரித்துவிடலாம் என்று சொன்னால் சிறு பிள்ளைகளும் மறவார்கள்.

மறுவாரம் எழுதும் கட்டுரைகளோடு ஒரு படமும் போடச் செய்யவேண்டும். தம் ஊர் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, நூறு அடிக்கு ஒருதரம் அதன் அகலம் எவ்வளவு, எங்கே அடைந்திருக்கிறது என்பவற்றைப் பெரியவர்களோடு நடந்து அளந்து குறிக்கட்டும். மே மாதம் 1-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. கோடை விடுமுறைக்கு முன்பே படத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளியில் வைத்து, மற்றொன்றைப் பெற்றோர் மூலம் சபையில் சமர்ப்பித்தால், மழைக்கு முன் கால் வெட்ட நான்கு மாதம் கிடைக்கும்.