தேர்ச்சியும் தகுதியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். நம் காஞ்சியில் கோர்வைச் சேலை வாங்குவோர், உடலும் கரையும் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்ப்பர். இணைப்பு உறுதியாக இருந்தால் நெய்தவரின் திறமைக்கு வேறு சான்று வேண்டா. ஆனால், மருத்துவரையும் செவிலியரையும் அவ்வாறு சோதித்துப் பார்க்க நோயாளியால் இயலுமா? அவருக்காக அச்சோதனையைச் செய்ய வேண்டியது பல்கலைக்கழகமே.

மருத்துவ மாணவியர்க்கு எழுத்துத் தேர்வுடன், நோயாளியை வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வும் நெடுங்காலமாக உண்டு. மாணவி நோயாளியிடம் பேசி, உடலைப் பரிசோதித்து, தான் கண்டதைத் தேர்வாளரிடம் விளக்குவாள். இதில் இரு குறைகள் இருந்தன. ஒருத்திக்கு எளிய நோய் கிடைக்கும்; மற்றொருத்திக்குச் சிக்கலான நோய் கிடைக்கும். மேலும், தேர்வாளர் பெரும்பாலும் விடையைத்தான் கேட்டார். நோயாளியிடம் அவள் நடந்துகொண்ட முறையைக் காணவில்லை.

இக்குறைகளைப் போக்க, 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். தேர்வுக்கூடம் பல நிலையங்களாகப் பிரிக்கப்படும். ஒன்றில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அடுத்ததில் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் முறையைத் தாய்க்கு விளக்க வேண்டும். மற்றொன்றில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் மணி ஒலிக்கும். உடனே அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். எல்லோர்க்கும் ஒரே பணி, ஒரே மதிப்பெண் பட்டியல். 'கை கழுவினாளா? நோயாளியிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டாளா?' என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இன்று நம் நாட்டிலும் மருத்துவம், செவிலியம் பயில்வோர்க்கு இம்முறை கையாளப்படுகிறது.

2019-இல் இந்தியாவின் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் மாறியது. மாணவர் கைவரப்பெற வேண்டிய திறன்கள் வரையறுக்கப்பட்டன. அவற்றைப் பதிவேட்டில் குறித்துச் சான்று பெறுதல் கட்டாயமாயிற்று. மனப்பான்மை, நன்னெறி, நோயாளியுடன் பேசும் முறை ஆகியவையும் பாடமாயின.

ஆயினும், பட்டியலை மனப்பாடம் செய்து, மணி அடிக்கும்வரை புன்னகை புரியவும் முடியுமே! நள்ளிரவில் முனகும் முதியவரிடம் அதே கனிவு இருக்குமா என்பதை ஒரு நாள் தேர்வு காட்டாது. எனவே, வார்டில் அவள் பணி செய்வதைப் பல நாள், பலர் கவனித்தே முடிவு செய்தல் வேண்டும். பிழை கண்டால் அங்கேயே சொல்லித் திருத்தவும் இது வழி. "இன்னும் ஆயத்தமாகவில்லை" என்று கூறும் துணிவும் ஆசிரியர்க்கு வேண்டும். அது தண்டனையன்று, நோயாளிக்குப் பாதுகாப்பு, மாணவிக்கு மறுவாய்ப்பு.

தோழியரே! நம்மில் பலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆகலாம். இன்றே ஆய்வகத்தில் அடுத்தவர் குறிப்பேட்டைப் பார்த்து எழுதாமல், நம் கையால் செய்து பழகுவோம். பெற்றோரும் "எத்தனை மதிப்பெண்?" என்பதோடு, "என்ன செய்யக் கற்றாய்?" என்றும் கேட்பார்களாக!