இலேசான மடிக்கணினி: வாங்குமுன் எடை போடுவோம்

மேல்நிலைத் தேர்வு முடிந்து கல்லூரியில் சேரப்போகும் பெண் உள்ள வீடுகளில் இப்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்தக் கல்லூரி என்பது ஒன்று. எந்த மடிக்கணினி என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு வீட்டார் கூடிப் பேசி, ஆசிரியைகளைக் கேட்டு, உற்றாரிடம் விசாரித்து விடை தேடுகிறோம். இரண்டாவதற்கோ, கடையில் பளபளவென்று நிற்கும் புதுப்பொருளின் முன்னே அரைமணி நேரத்தில் முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பணம் ரப்பர் ஷீட் விற்ற பணமாக இருக்கலாம். கடலுக்குப் போய் உழைத்த பணமாக இருக்கலாம். அம்மாவின் வளையல் அடகுக்குப் போன பணமாகவும் இருக்கலாம். ஆகவே, புதிதாக வெளிவரும் மெல்லிய, எடை குறைந்த மடிக்கணினிகளை எப்படிச் சீர்தூக்கிப் பார்ப்பது என்பதை மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது.

கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று சொல்லி முதன்முதலில் பெருவாரியாக விற்பனையான கணினி, 1981-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆஸ்போர்ன் 1' ஆகும். அதை வெளியிட்ட ஆடம் ஆஸ்போர்னுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், திருவண்ணாமலையில் தங்கி, ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழை 1964-இல் தொடங்கி நடத்தியவர். ஆடம் சிறு பிராயத்தில் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் வளர்ந்தவர். கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்டில் படித்தவர் என்பதை அறிய நம் பள்ளிச் சிறுமியருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பிற்காலத்தில் உடல்நலம் குன்றி இந்தியாவுக்கே திரும்பிய அவர், 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

அவருடைய 'தூக்கு கணினி'யின் எடை என்ன தெரியுமா? 11 கிலோவுக்குச் சற்று மேல். நல்ல வருக்கைச் சக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவர்களுக்கு அதன் கனம் விளங்கும். திரையோ 5 அங்குலம்தான், மின்கலமும் கிடையாது. விலை 1,795 டாலர். இவ்வளவு குறைகள் இருந்தும் அது விற்றது. காரணம், எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் வேண்டிய மென்பொருள்கள் அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கப்பட்டன. இலேசாக இருப்பதைவிட வேலைக்கு உதவுவதே அன்று வாங்கியவர்களுக்கு முக்கியமாகப் பட்டது.

அந்நிறுவனம் 1983 செப்டம்பரில் திவாலாயிற்று. இதைவிடச் சிறந்த புதிய மாதிரி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், மக்கள் கையிலிருந்த மாதிரியை வாங்காமல் காத்திருந்தனர் என்றும், அதனால் பணவரவு நின்றுபோயிற்று என்றும் சொல்வார்கள். போட்டி நிறுவனங்களே காரணம் என்போரும் உண்டு. எது எப்படியாயினும், 'இன்னும் புதிது வரப்போகிறது' என்ற பேச்சு அன்று முதல் இன்று வரை ஓயவில்லை. அதற்குச் செவிகொடுத்தால் எவரும் எக்காலத்திலும் கணினி வாங்க முடியாது. புதிய மாதிரி வெளிவந்த சில மாதங்களில் பழைய மாதிரியின் விலை பெரும்பாலும் இறங்கும். ஓணம், தீபாவளிக் காலங்களில் மேலும் இறங்குவதுண்டு. அந்தப் பழைய மாதிரியே பல வீடுகளுக்கு ஏற்றதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இனி எடைக்கு வருவோம். பள்ளிப் பையின் பாரம் மாணவியின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 4.5 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சோற்றுப் பாத்திரம் அரை கிலோவுக்கு மேல். புத்தகமும் குடையும் வேறு. எனவே, மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை நின்றுகொண்டே வரும் பெண்ணுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் தெரியும். இலேசான கணினியை விரும்புவது வீண் ஆடம்பரம் என்று பெரியோர் எண்ண வேண்டியதில்லை.

ஆனால் விளம்பரத்தில் போடுவது கணினியின் எடை மட்டுமே. மின்னேற்றி, அதன் கம்பி, உறை ஆகியவை அதில் சேரா. சில மின்னேற்றிகள் நூறு, நூற்றைம்பது கிராமில் அடங்கும். சில செங்கல்லைப் போல் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பின்பு ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 1.7 கிலோ கணினி ஒன்று 55,000 ரூபாய், 1.2 கிலோ கணினி ஒன்று 85,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 500 கிராம். அதற்குக் கூடுதல் விலை 30,000. கிராமுக்கு 60 ரூபாய் கொடுக்கிறோம்! அரை லிட்டர் தண்ணீரைக் கல்லூரியிலேயே பிடித்துக்கொண்டால் அந்த அரை கிலோ குறைந்துவிடும் அல்லவா? விடுதியில் தங்கி, அடுத்த கட்டடத்திலுள்ள வகுப்புக்கு நடந்து போகும் பெண்ணுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிப் போகிறவளுக்குத் தேவைப்படலாம்.

மெலிவுக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2015-இல் ஆப்பிள் நிறுவனம் 12 அங்குல மேக்புக் ஒன்றை வெளியிட்டது. எடை 920 கிராம்தான், உலகமே வியந்தது. அதிலிருந்த யு.எஸ்.பி. துளையோ ஒன்றே ஒன்று. மின்னேற்றவும் அதுதான், பென் டிரைவ் செருகவும் அதுதான். விசைப்பலகையை மெலிதாக்குவதற்காகப் புதுவகை விசைகளை வைத்தார்கள். பிறகு வந்த மற்ற மாதிரிகளிலும் அதையே வைத்தார்கள். சிறு தூசி புகுந்தாலும் விசை ஒட்டிக்கொள்கிறது, ஓரெழுத்து இரண்டெழுத்தாக விழுகிறது என்று புகார்கள் குவிந்தன. 2018-இல் இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டத்தை அந்நிறுவனமே அறிவித்தது. 2019-இன் இறுதியில் பழைய முறை விசைகளுக்குத் திரும்பத் தொடங்கிற்று. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில் 5 கோடி டாலர் கொடுக்க 2022-இல் உடன்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இப்படியென்றால், வெளிவந்த வாரத்திலேயே ஒரு பொருளை வாங்க ஓடுவானேன்? மூன்று நான்கு மாதம் பொறுத்தால், முதலில் வாங்கியவர்களின் அனுபவம் நமக்குச் செலவின்றிக் கிடைக்கும்.

மெல்லிய கணினியின் அடுத்த சிக்கல் வெப்பம். கணினியின் செயலி வேலை செய்யும்போது சூடாகும். அச்சூட்டை வெளியேற்றக் காற்றாடியும் இடமும் வேண்டும். உடல் மெலிந்தால் இரண்டும் குறையும். அப்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றாடியே இல்லாத கணினிகளும் உள்ளன. எழுத்து வேலைக்கும் பாடம் பார்ப்பதற்கும் அவை மிக நன்று, சத்தமும் இராது. நெடுநேரம் கனமான வேலை கொடுத்தால்தான் மந்தமாகும். கடையிலோ குளிர்சாதன வசதி இருக்கும். நம் வீட்டிலோ சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் இருக்கும். ஆகவே கடையில் ஒரு காணொலியைக் கால்மணி நேரமாவது ஓடவிட்டு, அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மின்கலத்தைப் பற்றி '18 மணி நேரம்', '20 மணி நேரம்' என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பிவிட வேண்டாம். திரை வெளிச்சத்தை மங்கலாக்கி, ஒரே காணொலியை ஓடவிட்டு அளந்த கணக்காக அது இருக்கும். 'வாட் மணி' என்ற எண்ணைக் கேளுங்கள். 50 வாட் மணி மின்கலத்தில், சராசரி 8 வாட் செலவாகும் சாதாரண வேலையைச் செய்தால் 50-ஐ 8-ஆல் வகுக்க, ஆறேகால் மணி நேரம். 15 வாட் செலவாகும் வேலையானால் மூன்று மணி இருபது நிமிடம்தான். சில ஆண்டுகளில் மின்கலத்தின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைவது இயல்பே; ஆறேகால் மணி நேரம் ஐந்தாகிவிடும். விடுதியறையில் நான்கு பெண்களுக்கு ஒரு மின்செருகி என்றால் இந்தக் கணக்கு மிக முக்கியம். விடுதியைக் கவனிக்கும் சகோதரியருக்கு இது நன்கு தெரியும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது நினைவகத்தைப் பற்றித்தான். பழைய பருமனான கணினிகளில் நினைவகம் தனி அட்டையாக இருக்கும். பிறகு பணம் வரும்போது ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய கணினிகள் பலவற்றில் அதைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். 8 ஜி.பி. என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி.தான். நான்காண்டுப் படிப்புக்கு வாங்குகிறவர்கள் 16 ஜி.பி. உள்ளதை வாங்குவதே நன்று. அதற்குப் பணம் போதவில்லையென்றால், நினைவகத்தைப் பின்னர் கூட்டக்கூடிய, சற்றுக் கனமான மாதிரியை வாங்குங்கள். 'இது பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா?' என்ற ஒரு கேள்விக்கு விடை தெரியாத விற்பனையாளரிடம் வேறு எதையும் கேட்டுப் பயனில்லை.

புதிய பெட்டிக்குள் பழைய செயலி இருப்பதும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 7320யு என்ற செயலி ஓர் எடுத்துக்காட்டு. முதல் எண் 7 என்பதால் புத்தம் புதியதாகத் தோன்றும். ஆனால் மூன்றாம் எண்ணாகிய 2, அதன் உள்ளமைப்பு 2019-இல் வந்த 'சென் 2' என்பதைக் குறிக்கும். குறைந்த விலைக்கு அது மோசமான பொருளன்று. புதிய விலைக்கு விற்றால்தான் தவறு. அதுபோல, 2024 ஜூன் மாதம் முதல் 'கோபைலட் பிளஸ்' என்ற பெயரோடு கணினிகள் வருகின்றன. வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் தனிப் பகுதியும், குறைந்தது 16 ஜி.பி. நினைவகமும் இருந்தால்தான் அப்பெயர் கிடைக்கும். நினைவகம் பயன்படும். மற்றதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க முதலாண்டு மாணவிக்கு அவசியம் தெரியவில்லை.

சேரப்போகும் துறையை முன்னிட்டே தேர்வு அமைய வேண்டும். வணிகவியல் படிப்பவள் டேலி கற்க வேண்டியிருக்கும். அது விண்டோஸில் ஓடுவது. பொறியியலில் சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைவு மென்பொருள்களும் விண்டோஸுக்கே உரியவை. அழகாக இருக்கிறதென்று மேக் கணினியை வாங்கிவிட்டு, ஆய்வுக்கூடத்துக் கணினிக்கு வரிசையில் நிற்க நேரிடலாம். உறவினர் கொடுக்கும் பழைய கணினியானால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதை நினைவில் கொண்டு, அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஆங்கிலமோ தமிழ்99 முறையில் தமிழோ, ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்த்தால் விசைகள் விரலுக்கு ஒத்துவருமா என்பதும் புரிந்துவிடும்.

வாங்குமுன் அரசின் உதவியையும் விசாரியுங்கள். 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவியரும் பயன் பெற்றனர். 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சேரும் கல்லூரியில் தமக்கு அது உண்டா, எப்போது என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போவது புத்திசாலித்தனம்.

நம் மாவட்டத்துக்கென்றே சில காரியங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைக்கின்றன. நனையாத உறை கட்டாயம் வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். இரவில் ஜன்னலோரம் திறந்து வைக்காமல், துடைத்து மூடி அலமாரியில் வைப்பது உத்தமம். பழுதானால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா, நாகர்கோவிலிலேயே பார்ப்பார்களா, திருவனந்தபுரத்துக்கு அனுப்புவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வளைகுடா நாட்டிலிருக்கும் அப்பாவோ மாமாவோ வாங்கி வருவதும் இங்கே சகஜம். பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் விசைகளில் அரபு எழுத்தும் சேர்ந்திருக்கலாம். செருகி நம் சுவரில் பொருந்தாமல் போகலாம். இவை சிறு தொல்லைகள். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதே பெரிய கேள்வி. மாதிரி எண்ணை முன்னதாக எழுதி அனுப்பச் சொல்லி, இங்குள்ள பழுதுபார்ப்பு நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்கச் சொல்லுங்கள்.

பில் வாங்கும்போது அதில் கணினியின் தொடர் எண் இருக்கிறதா, அது கணினியின் அடிப்பாகத்தில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா, கம்பெனி அனுப்பிய தேதியிலிருந்தா என்பதை அந்த எண்ணைக் கொண்டு கம்பெனியின் இணையதளத்தில் கடையிலேயே சரிபார்க்கலாம். பில்லை நகலெடுத்து, பாஸ்புக் வைக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அட்டைப் பெட்டியையும் உத்தரவாதம் முடியும்வரை எறிய வேண்டாம்.