பந்தயக் குதிரையில் ஒரு பங்கு

எங்கள் பக்கத்தில், பாலசமுத்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பிறகும் கிணற்றை மட்டும் பொதுவில் வைத்து, இன்னாருக்கு இத்தனை நாள் முறை என்று வகுத்து, தூர் வாரும் செலவையும் மோட்டார்ச் செலவையும் அந்த முறைக்குத் தக்கபடி போட்டுக்கொள்ளும் வழக்கத்தை அறியாதவர் இல்லை. பந்தயக் குதிரையைப் பலர் கூடி வாங்குவதும் அத்தகைய ஏற்பாடே. ஆனால் கிணறு வற்றினால் அடுத்த மழை வரை காத்திருக்கலாம்; குதிரைக்கு நாள் தவறாமல் தீனி வேண்டும்.

கிழக்கே சென்னைக் கிண்டி, மேற்கே பெங்களூர், வடக்கே ஹைதராபாத்தின் மலக்பேட்டை என்று மூன்று பந்தய மைதானங்களின் பெயரையும் எங்கள் பக்கத்து ஜனங்கள் கேட்டிருப்பார்கள். அங்கே ஓடுகிற குதிரையில் தமக்கும் ஒரு பாகம் இருக்கக்கூடும் என்று நினைத்தவர்கள் மிகச் சிலரே. அது மகாராஜாக்களுக்கும், நூற்றுக்கணக்கான கிளாசிக் பந்தயங்களை வென்ற செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியைப் போன்ற பெருந்தனக்காரர்களுக்கும் உரிய விஷயம் என்பதே பொதுவான அபிப்பிராயம். அதற்குக் காரணமும் உண்டு. குட்டியின் கிரயம் ஒருமுறைச் செலவு. டிரெய்னரின் மாதக் கட்டணம், ஓட்ஸும் குதிரைமசாலும், லாடம், வைத்தியம், ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் லாரி வாடகை ஆகியவையோ குதிரை ஜெயித்தாலும் தோற்றாலும் நில்லாத செலவுகள்.

இந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. சிலர் மட்டும் கூட்டாளிகளாகச் சேர்ந்து, தத்தம் பெயரையும் பங்கையும் பந்தய கிளப்பில் பதிவு செய்துகொள்வது ஒன்று. பலர் சிறு சிறு பங்குகளாகச் சேர்ந்து சிண்டிகேட் அமைத்து, அதன் சார்பில் கையெழுத்திட ஒரு நிர்வாகியை நியமிப்பது மற்றொன்று. எந்தப் பந்தயத்தில் ஓட்டுவது, எந்த ஜாக்கியை ஏற்றுவது என்ற தீர்மானங்கள் பெரும்பாலும் டிரெய்னரிடமும் நிர்வாகியிடமும் இருக்குமேயன்றி, பங்குதாரர் ஒவ்வொருவரையும் கேட்டுச் செய்யப்படுவதில்லை. பரிசுப் பணத்திலும் டிரெய்னருக்கும் ஜாக்கிக்கும் சேர வேண்டியது போக எஞ்சுவதே பங்கிடப்படும்.

கூட்டுச் சொந்தத்தின் பெருமையை அறிய விரும்புகிறவர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே தொழிலாளர் மனமகிழ் மன்றத்தில் மது பரிமாறி வந்த ஜான் வோக்ஸ் என்ற பெண்மணி, மலிவாக வாங்கிய ஒரு பெட்டைக் குதிரையிடம் 2001-இல் குட்டி எடுத்து, வாரத்துக்கு 10 பவுண்டு வீதம் தருவதற்கு ஊராரைச் சேர்த்து, காய்கறித் தோட்டத் துண்டு நிலத்தில் அதை வளர்த்தார். ட்ரீம் அலையன்ஸ் என்று பெயர் பெற்ற அக்குதிரைக்கு 2008-இல் பந்தயத்தின் நடுவே காலில் தசைநாண் அறுந்தது. அந்த நிலையில் குதிரையைக் கொன்றுவிடுவதே பலர் வழக்கமாயிருக்க, அது சம்பாதித்த பணத்தை அதற்கே செலவிடுவதென்று பங்குதாரர்கள் தீர்மானித்து, ஸ்டெம் செல் சிகிச்சை அளித்தார்கள். மறு ஆண்டு டிசம்பரில் அது வெல்ஷ் நேஷனல் பந்தயத்தை ஜெயித்தது. கணக்கு முடித்தபோது ஒவ்வொருவர் கைக்கும் வந்த லாபம் சொற்பமே. ஆனால் அந்த ஊர் அடைந்த ஆனந்தத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத இயலாது.

தசைநாண் என்றேன். குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று கிடையாது; எலும்பும் நாண்களும் தோலுமே ஏறக்குறைய 450 கிலோ உடம்பைத் தாங்கிப் பாய்கின்றன. ஆகையால்தான் லாயத்தில் விடியற்காலையில் டிரெய்னர் குனிந்து, ஒவ்வொரு காலையும் மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவி, எங்கேனும் சூடு தெரிகிறதா என்று பார்க்கிறார். லேசான சூடு தெரிந்தாலும் அன்றைய ஓட்டம் நின்றுவிடும். பங்குதாரர் போட்ட பணம் முழுவதும் அந்த ஒரு சாண் நீள நாணின்மேல் நிற்கிறது.

இனவிருத்திக்காகப் பங்கு பிரிப்பது வேறு விஷயம். அமெரிக்காவின் செக்ரட்டேரியட் என்ற குதிரையை 1973-இல் 32 பங்குகளாக்கி, பங்கொன்று 1,90,000 டாலருக்கு விற்றார்கள். அது செல்வந்தர்களின் முதலீடு. சாதாரண மனிதர் ஓடும் குதிரையில் பங்கு வாங்குவதை முதலீடாகக் கருதலாகாது என்பது என் உறுதியான எண்ணம். குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறமையைச் சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆயினும் அந்தத் தீர்ப்பு ஒருவருடைய குதிரை நொண்டாது என்பதற்கு உத்தரவாதமல்ல. மைதானமே நிலையானதல்ல. 99 ஆண்டுக் குத்தகையில் இருந்த கிண்டி மைதானத்தின் சுமார் 160 ஏக்கர் நிலத்தை, குத்தகையை ரத்து செய்து, தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டதை நாம் கண்டோம்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் குதிரை ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. அதன் ஆயுளோ 25 ஆண்டுகளைத் தாண்டக்கூடியது. ஓடும்வரை சொந்தம் கொண்டாடிய பலர், ஓட்டம் நின்றதும் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஒதுங்கிவிட, கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் கைமாறி, விலா எலும்பு தெரிய நிற்கும் குதிரைகள் நம் நகரங்களில் உண்டு. தனி ஒருவருடைய குதிரையானால் அவரைக் கேட்கலாம். பலருடைய குதிரையானால் யாரைக் கேட்பது?

ஆதலின் பங்கு வாங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரிசுப் பணம் எப்படிப் பிரியும் என்று கேட்பதற்கு முன், ஓய்வுபெற்ற குதிரைக்கு எங்கே இடம், யார் செலவு என்று கேளுங்கள். அந்தப் பதிலை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.