முடிநடு அறுவை: அறிய வேண்டிய சில உண்மைகள்

முடி உதிர்ந்தால் உயிரையே விட்டுவிடும் விலங்கொன்றை மானமுடையோர்க்கு உவமையாகக் காட்டினார் திருவள்ளுவர். அவர் உயர்த்திப் பேசியது மானத்தையே அன்றி முடியை அன்று. ஆயினும் நெற்றி ஏறத் தொடங்கிய இளைஞர் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. நம் இர்விங் நகரத் தமிழரிடையேயும் இப்பேச்சு எழாத விருந்துகள் குறைவு. அழகுக்காகச் செய்யும் அறுவையை இங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. எனவே, மூன்று வார விடுப்பில் சென்னை செல்லும்போது இதையும் முடித்து வந்துவிடலாம் என்று எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். அவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2016ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் முடிநடு அறுவை செய்துகொண்டார். மயக்க மருந்து செலுத்திய பின் உடல்நிலை சீர்குலைந்து, வேலூர் மருத்துவமனையில் உயிரிழந்தார். அறுவை நடந்த இடத்திற்கு முடி திருத்தும் நிலையத்துக்குரிய உரிமமே இருந்ததாக அதிகாரிகள் அறிவித்தனர். தமிழ்நாடு மருத்துவ மன்றம் மருத்துவர் இருவரைப் பணி இடைநீக்கம் செய்தது. மருத்துவம் பயின்ற இளைஞர்க்கே இந்நிலை நேர்ந்ததென்றால், மற்றவர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

தலைத்தோலின் அமைப்பு

தலைத்தோல் ஐந்து அடுக்குகளால் ஆனது. மேலே தோல், அதன்கீழ்க் கொழுப்பும் நாரும் கலந்த அடுக்கு, மூன்றாவதாக உறுதியான தசைநாண் தகடு, நான்காவதாகத் தளர்ந்த இணைப்புத் திசு, இறுதியில் மண்டையோட்டைப் போர்த்திய சவ்வு. குருதிக் குழாய்களும் நரம்புகளும் பெரும்பாலும் இரண்டாம் அடுக்கில் ஓடுகின்றன. அக்குழாய்களின் சுவர்கள் சுற்றியுள்ள நார்களோடு பிணைந்திருப்பதால், வெட்டுண்டால் உடலின் பிற இடங்களிற்போல் எளிதில் சுருங்கி மூடிக்கொள்வதில்லை. தலையில் பட்ட சிறு காயமும் பெருங்குருதி பெருக்குவதை நம் இல்லக் குழந்தைகள் விழும்போது கண்டிருப்போம். காரணம் இதுவே.

எடுக்கும் இடத்தில்

நடுவதற்குரிய முடி பின்தலையிலிருந்து எடுக்கப்படுகிறது. தோலை நீண்ட பட்டையாக அறுத்து எடுப்பது ஒரு முறை. அப்பட்டையை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, முடி இயற்கையாக வளரும் சிறு கொத்துகளாகப் பிரிக்கும் வழியை நம் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரின் தோல் மருத்துவர் பாபி லிம்மர் 1988இல் கையாளத் தொடங்கினார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துளைக்கருவியால் கொத்துக் கொத்தாக எடுப்பது பின்னர்ப் பரவிய மற்றொரு முறை.

பின்தலைத் தமனியும் பெரிய பின்தலை நரம்பும் கழுத்திலிருந்து மேலேறி இவ்விடத்தைக் கடந்தே உச்சியை நோக்கிச் செல்கின்றன. மயிர்க்கால்கள் ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிமீட்டர் ஆழமே உள்ளவை. அவ்வளவோடு கத்தி நின்றால் பெரிய குழாய்களும் நரம்புகளும் பெரும்பாலும் தப்பும். தேர்ந்த மருத்துவர் முதலில் உப்புநீரைச் செலுத்தித் தோலை உப்பச் செய்து, அதனை அடியிலுள்ள குழாய்களிலிருந்து விலக்குவார். கத்தி ஆழ்ந்து தமனியில் பட்டால் குருதி பெருகும். தையலின் அடியில் கட்டியாகவும் திரளும். நரம்பு அறுந்தால் அதன் எல்லை முழுவதும் மரத்துப்போகும். அரிதாக, அறுந்த முனையில் முடிச்சு வளர்ந்து மின்னல் வெட்டினாற்போன்ற வலி நீடிக்கும். நுண் நரம்புகள் மட்டும் பாதிக்கப்பட்டால் மரப்பு சில மாதங்களில் தானே குறையும். துளைக்கருவி முறையில் இவ்விடர் குறைவெனினும் அறவே இல்லை என்பதற்கில்லை.

நடும் இடத்தில்

முன்தலையில் நூற்றுக்கணக்கான, சிலருக்கு ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் இடப்படுகின்றன. ஒரே நாளில் அடர்ந்த முடி வேண்டுமென்னும் ஆசையால் அவற்றை மிக நெருக்கமாகவோ ஆழமாகவோ இட்டால், தோலுக்கு உணவூட்டும் நுண்குழாய்கள் துண்டிக்கப்பட்டுத் தோலே கருகி இறக்கலாம். புகை பிடிப்போர், நீரிழிவு உடையோர், முன்பே அறுவையால் தழும்பு ஏற்பட்டோர் ஆகியோர்க்கு இவ்வபாயம் மிகுதி. மூன்றாம் நாள் வாக்கில் நெற்றியும் இமையும் வீங்குவதைக் கண்டு பலர் அஞ்சுவர். செலுத்திய நீர் தளர்ந்த நான்காம் அடுக்கின் வழியே கீழிறங்குவதால் வரும் அவ்வீக்கம் பெரும்பாலும் தானே வடியும்.

மரப்பு மருந்து

பயன்படும் மருந்து பெரும்பாலும் லிடோகெய்ன். அட்ரினலின் கலந்து தரும்போது உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. 70 கிலோ எடையுள்ளவர்க்கு 490 மில்லிகிராம். அறுவை நாள் முழுதும் நீள்வதால் மருந்து சிறிது சிறிதாகக் கூடி எல்லையைக் கடத்தல் எளிது. குழாயினுள் நேரே சென்றுவிடினும் கேடே. உதடு மரத்தல், காதில் இரைச்சல், வலிப்பு ஆகியன அதன் அறிகுறிகள், இதயமும் நின்றுபோகலாம். ஆதலால் நாடித்துடிப்பையும் குருதியழுத்தத்தையும் கண்காணிப்பவர் இறுதிவரை உடனிருத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். நான்கையும் நாமே ஆராய்தல் நன்று.

நோயாளி தம் நோய்களையும் உட்கொள்ளும் ஆஸ்பிரின் முதலிய மருந்துகளையும் மறைக்கலாகாது. குருதியை இளக்கும் மருந்தை அதைத் தந்த மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

கத்தியைப் பிடிப்பவர் யார் என வெளிப்படையாகக் கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம், உரிய அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதனைச் செய்ய வேண்டுமென்றும், பயிலரங்கில் பார்ப்பதோ யூடியூப் காண்பதோ பயிற்சி ஆகாதென்றும் வழிகாட்டியது. இங்கு எனில், டெக்சஸ் மருத்துவ வாரியத்தில் மருத்துவரின் உரிமத்தை எவரும் சரிபார்க்கலாம்.

மருந்தின் அளவையும், உயிர்காக்கும் கருவிகள் அருகில் உள்ளனவா என்பதையும் வினவுதல் நம் உரிமை.

உடனிருப்போர், அழுத்திப் பிடித்தும் நிற்காத குருதி, வளரும் வீக்கம், கருக்கும் தோல், காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும். ஆகவே விடுப்பின் கடைசி நாளில் அறுவை செய்துகொண்டு மறுநாள் விமானம் ஏறுதல் அறிவுடைமை ஆகாது.

முடி நடுதல் தவறன்று. தக்கவர் கையில் அது பெரும்பாலும் நன்றே முடிகிறது. ஆனால் அது முடி திருத்துதல் போன்றதன்று, அறுவையே. வீட்டாரிடம் சொல்லக் கூசித் தனியே சென்று செய்துகொள்வோரே மிகுந்த இடருக்கு ஆளாவர். நம் பிள்ளைகள் கூசாமல் நம்மிடம் சொல்லவும், நாம் நகையாடாமல் கேட்கவும் பழகுவோமாக.