கடவுச்சீட்டில் மூன்று எழுத்துகள்

தியாகதுருகத்தில் உள்ள என் வீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பு இளைஞர் ஒருவர் கடவுச்சீட்டுடன் வந்தார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கட்டுமானத் தொழிலாளி அவர். "இதில் இ.சி.ஆர். என்று இருக்கிறது. வேலைக்கான விசா என்றால் அலைய வேண்டும். சுற்றுலா விசாவில் துபை போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். போகலாமா, சார்?" என்று கேட்டார். தாயின் நகையை அடகு வைத்து முன்பணமும் கொடுத்திருந்தார்.

சென்னைவாசிகளுக்கு இ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. கடவுச்சீட்டில் அது, 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்பதைக் குறிக்கும். பொதுவாக, பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர்களின் கடவுச்சீட்டில் இக்குறிப்பு இடம்பெறும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. போலி முகவர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

படிக்காதவர்களுக்கு அரசு போட்ட முட்டுக்கட்டை என்றே பலரும் இதைக் கருதுகிறார்கள். உண்மையில் இது அவர்களுக்கான வேலி. ஒப்பந்தத்தில் ஒரு தரப்புக்கு மட்டுமே முழு விவரமும் தெரிந்திருந்தால் சந்தை எப்படிச் சீர்குலையும் என்பதை, பழைய கார் விற்பனையை முன்வைத்து 1970-இல் விளக்கினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப். வெளிநாட்டு வேலைச் சந்தையும் அத்தகையதே. ஊதியம் எவ்வளவு, முதலாளி யார் என்பது முகவருக்குத் தெரியும், தொழிலாளிக்குத் தெரியாது.

குடிபெயர்வு அனுமதி அந்த இடைவெளியைக் குறைக்கிறது. வேலை ஒப்பந்தம் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவாகிறது. விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் ரூ.10 லட்சம் கிடைக்கும் காப்பீடு கட்டாயமாகிறது. பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக ரூ.30 ஆயிரமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே பெறலாம். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஊதியம் தரப்படாவிட்டால் காட்டுவதற்கு ஒப்பந்தமும் இருக்காது. முறையிடப் போனால், அனுமதியின்றி வேலை செய்த குற்றம் அவர் மீதே திரும்பும்.

"போனவுடன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. கடவுச்சீட்டு எப்போதும் மத்திய அரசின் உடைமை என்கிறது 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பறித்து வைப்பதை ஐக்கிய அரபு அமீரகச் சட்டமும் தடை செய்கிறது. வேலையை விட்டு விலக முடியும் என்பதே தொழிலாளியின் பேர வலிமை. கடவுச்சீட்டு பிறர் பெட்டிக்குள் போனால் அந்த வலிமையும் உடன் போய்விடும். அத்தகையோர் இந்தியத் தூதரகத்தை அணுகினால், தாயகம் திரும்புவதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழைப் பெற வழியுண்டு.

எனினும், குறைந்த படிப்புள்ளவர்களுக்காக வகுக்கப்பட்ட நடைமுறை, நன்கு படித்தவர்களே தடுமாறும் இணையப் படிவங்களாக இருப்பது முரண். கல்வராயன் மலைக் கிராமத்து இளைஞருக்கு அதை விளக்கிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இ-சேவை மையங்களிலேயே முகவரின் பதிவைச் சரிபார்த்துத் தரவும், ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டவும் ஏற்பாடு வேண்டும். அரசு விளக்காத இடத்தில் போலி முகவர்தான் விளக்குவார்.

அந்த முகவரின் பெயரை 'இ-மைக்ரேட்' தளத்தில் தேடினோம், இல்லை. இளைஞர் துபை செல்லவில்லை. முன்பணம் இன்னும் திரும்பவில்லை. நகையும் அடகில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத இப்போது படித்து வருகிறார்.