ஹீமோஃபீலியா: வலி நின்றாலும் தசை ஆறியிருக்காது

ஹீமோஃபீலியா உள்ள பிள்ளைக்கு மூட்டு வீங்கினால் பெற்றோர் உடனே மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். தசைக்குள் கசியும் இரத்தத்தையோ பலர் சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார்கள். நீவினால் கசிவு கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபேக்டர் 8 அல்லது ஃபேக்டர் 9 குறைவாக இருப்பதே இந்நோய். அடிபட்டோ, தசையில் ஊசி போட்டதாலோ, சில நேரம் காரணமே தெரியாமலோ தசைக்குள் இரத்தம் கசியலாம்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்வோம். கெண்டைக்காலில் கசிந்தால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது. முன்கையில் கசிந்தால் விரல்களை நீட்டுவது கடினமாகும். இடுப்பின் உள்தசையில் கசிந்தால் அடிவயிறும் தொடை இடுக்கும் வலிக்கும். காலை மடக்கியே வைத்திருப்பார்கள், நிமிர்ந்து நிற்க இயலாது. வலப்பக்கம் வந்தால் குடல்வால் அழற்சி போலவே தோன்றும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், ஹீமோஃபீலியா இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மரத்துப்போதல், விரல் அசையாமை இருந்தால் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அது அவசர நிலை.

முதல் வேலை, தாமதிக்காமல் ஃபேக்டர் ஊசி போடுவது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு முழு ஓய்வு. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மற்ற வலி மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் வலி குறைந்ததும் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பிவிடுவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. உள்ளே தேங்கிய இரத்தம் கரையப் பல வாரங்கள் ஆகும். இடுப்புத் தசையில் மாதங்கள்கூட ஆகலாம். அதற்குள் ஓடினால் அதே இடத்தில் மீண்டும் கசியும். அசைக்காமலே விட்டுவிட்டாலும் தசை சுருங்கி, கால் மடங்கியபடியே நின்றுவிடும்.

எனவே பிசியோதெரபி அவசியம். முதலில் மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. அடுத்து தானே மெல்ல நீட்டி மடக்குவது. கடைசியில் வலுவூட்டும் பயிற்சி. பிறர் பிடித்து இழுத்து நீட்டக் கூடாது. பயிற்சிக் காலத்திலும் ஃபேக்டர் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊன்றுகோலை அவர் சொன்ன பிறகே விடுங்கள்.

கை கால் முழுமையாக நீண்டு, பழைய பலம் திரும்பினால்தான் குணம் என்று கொள்வோம்.