எழுதியதே எஞ்சும்

சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர், சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் ஊர் எனப் போற்றப்படுகிறது. அவர் பாடியனவாக இன்று கிடைப்பவை எட்டுப் பாடல்களே. ஏடு சிதையுமுன் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டதால் அவையேனும் எஞ்சின. திருவாசகத்தையோ, மணிவாசகர் சொல்லச் சொல்லத் தில்லைக் கூத்தனே ஏட்டில் எழுதிக்கொண்டான் என்பது மரபு. இறைவனே எழுத்தாணி ஏந்தினான் எனில், படித்தது முதுமையில் நிற்கவில்லையே என வருந்தும் அடியார் எழுதத் தயங்க வேண்டா.

நாள்தோறும் ஒரு பதிகம் ஓதியதும் நூலை மூடி, மனத்தில் நின்ற பொருளைச் சொந்தச் சொற்களில் இரண்டு வரி எழுதலாம். பார்த்து எழுதுவதினும் நினைந்து எழுதுவதே நெஞ்சில் ஊன்றும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், முதலில் நினைவுகூர்ந்து, பிறகே குறிப்பேட்டைத் திறந்து பார்த்தல் நன்று; விடுபட்டது அப்போது புலப்படும். ஓதியவர் குரல் ஓய்ந்த பின்னும் அக்குறிப்பேடு பேரப்பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லும்.